கணுக்கால் ஃப்யூஷன்: அசைய வேண்டிய மூட்டை ஏன் அசையாமல் பூட்டுகிறார்கள்?

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சித்தப்பா கேட்டார்: "எலும்பு எப்பவோ கூடிருச்சு. அதுக்கு மேலதானே மூணு வருஷமா நடந்துக்கிட்டிருக்கேன். இப்ப எதைக் கொண்டுபோய் எதோட ஒட்டப் போறாங்க?"

நியாயமான கேள்வி. விழுந்தபோது சுளுக்கு என்று நினைத்து, கட்டுப் போட்டுக்கொண்டு விட்டுவிட்டார். வீக்கம் வடிந்தது, நடக்கவும் முடிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வலி கூடி, கடைசியில் மருத்துவர் "ஃப்யூஷன் செய்துவிடலாம்" என்று சொல்லும் கட்டத்துக்கு வந்துவிட்டது. மூட்டில் சந்திக்கும் எலும்புகளை ஒரே எலும்பாகக் கூடவைத்துவிடுவதுதான் ஃப்யூஷன்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் கால் மரக்கட்டையாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். சிலர் உடைந்ததை ஒட்டிவிட்டால் பழைய கால் திரும்பி வந்துவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டும் சரியில்லை. முறிந்த எலும்பைக் கூட வைப்பதும் மூட்டைக் கூட வைப்பதும் வேறு வேறு வேலைகள். பேச்சில் இரண்டையும் 'ஒட்டவைப்பது' என்றே சொல்லிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

கதவுக்கும் கீல், காலுக்கும் கீல்

தமிழில் கதவை அசையவைப்பதும் கீல், உடம்பின் மூட்டும் கீல். கீல்வாதம் என்ற சொல்லில் இருப்பது அதே கீல்தான். கணுக்காலுக்கு இந்தப் பெயர் அப்படியே பொருந்தும். ஏனென்றால் அது பெரும்பாலும் ஒரே திசையில், மேலும் கீழுமாக மடங்கும் மூட்டு.

உங்கள் கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் தட்டுப்படுவது, முழங்காலில் இருந்து இறங்கிவரும் பெரிய எலும்பான டிபியாவின் நுனி. வெளிப்பக்கம் தட்டுப்படுவது, அதை ஒட்டியே ஒல்லியாக இறங்கும் ஃபிபுலாவின் நுனி. வெளிப்பக்க நுனி கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறங்கியிருப்பது விரலுக்கே தெரியும். இரண்டும் சேர்ந்து, 'ப' எழுத்தைக் கவிழ்த்துவைத்தது போல ஒரு கூடு. அந்தக் கூட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கும் பாதத்து எலும்புதான் டாலஸ். தச்சர் ஒரு மரத்தில் வெட்டிய பள்ளத்தில் இன்னொரு மரத்தின் முளை இறுக்கமாக உட்காருமே, அந்த மாதிரி.

எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க, தொடும் பரப்புகள் மேல் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. அதுதான் குருத்தெலும்பு. முழங்காலில் சில இடங்களில் பல மில்லிமீட்டர் தடிமன் இருக்கும் இந்தப் பூச்சு, கணுக்காலில் சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் வராததால் தேய்ந்தால் பழையபடி வளராது. நரம்பு இல்லாததால் தேயும்போது அதுவாக வலிக்கவும் செய்யாது. பூச்சு போய் அடியில் உள்ள எலும்பில் சுமை விழும்போதும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும்போதும்தான் வலி தெரியும். அதற்குள் பாதித் தேய்மானம் முடிந்திருக்கும்.

இவ்வளவு மெல்லிய பூச்சு, ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போலப் பல மடங்கு சுமையை எப்படித் தாங்குகிறது? கூடும் முளையும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால்தான். சுமை முழுப் பரப்பிலும் பரவிவிடுகிறது. டாலஸ் வெறும் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே, எலும்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. சுமை அதேதான், தாங்கும் இடம் மட்டும் சுருங்கிவிடுகிறது.

கவனிக்காமல் விட்ட முறிவு உள்ளே செய்வது

"நடக்க முடிந்ததே, அப்புறம் எப்படி முறிவு?" என்று கேட்காதவர் குறைவு. உடல் எடையில் பெரும்பங்கை டிபியாதான் சுமக்கிறது. ஃபிபுலாவுக்குச் சேருவது சிறு பங்கு. அதனால் ஃபிபுலா மட்டும் முறிந்தவர் நொண்டிக்கொண்டே நடந்துவிடலாம். கனடாவின் ஒட்டாவா நகரில் 1990களின் தொடக்கத்தில் உருவான விதிகள், நாலு அடி வைக்க முடிகிறதா என்பதோடு, அந்தப் புடைப்பு எலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கின்றன. இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடக்க முடிவது மட்டும் சான்றிதழ் ஆகாது.

சரி, பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? எலும்பு நமக்காகக் காத்திருக்காது, தன் பாட்டுக்கு ஆற ஆரம்பித்துவிடும். முறிந்த துண்டு எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே கூடும். ஃபிபுலா குட்டையாகவோ முறுக்கியோ கூடிவிட்டால், கூட்டின் வெளிச்சுவர் விலகிவிடும். இதைக் கோணல் கூடல் என்று சொல்லலாம். சில துண்டுகள் கூடாமலே, நடுவில் நார்த்திசு வளர்ந்து அசைந்துகொண்டும் இருக்கும். எப்படி ஆனாலும் டாலஸ் தன் இடத்தில் இருக்காது. கோணலாகத் தொங்கும் கதவு கீலின் ஒரு ஓரத்தையே தேய்க்கும் இல்லையா, அதுபோலக் குருத்தெலும்பு ஒரு பக்கமாகத் தேயும்.

சித்தப்பாவின் செருப்பைத் திருப்பிப் பார்த்தாலே இது தெரிந்திருக்கும். வலது கால் செருப்பின் குதிகாலில் உள்ளோரம் மட்டும் சரிவாக, ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தது. இடது செருப்பு கிட்டத்தட்டப் புதிது. செருப்பு மாற்றினாரே தவிர, ஏன் இப்படித் தேய்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எக்ஸ்ரேயில் பார்த்தபோது இடது காலில் டிபியாவுக்கும் டாலஸுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு சீராக ஓடியது. வலது காலில் அது ஒரு ஓரத்தில் தொடங்கி நடுவிலேயே காணாமல் போனது. அந்தக் கறுப்புக் கோடு வெற்றிடம் அல்ல. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, அது இருக்கும் இடம்தான் கறுப்பாகத் தெரிகிறது. கோடு மறைந்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம்.

சித்தப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிடுகிறது. அவருடைய எலும்பு கூடியது உண்மை. கூடிய விதம் கோணல், அதனால் கெட்டுப்போனது மூட்டு. இடுப்பு, முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்காலில் அப்படி இல்லை, பெரும்பாலானவர்களுக்கு எப்போதோ பட்ட அடியின் தொடர்ச்சியாகவே வருகிறது.

பழைய முறிவு என்றாலே ஃப்யூஷன்தானா?

இல்லை. அதிகம் தவறாகப் பேசப்படும் விஷயம் இதுதான் என்பேன். முறிந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதைவிட, குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பூச்சு ஓரளவு நன்றாக இருந்தால், கோணலாகக் கூடிய எலும்பை மறுபடி வெட்டி, நீளமும் கோணமும் சரிசெய்து பொருத்துவார்கள். மாதங்கள் கழித்தும், சிலருக்கு வருடங்கள் கழித்தும் இது பலன் தரும். மூட்டு காப்பாற்றப்படும். எனவே, "ரொம்ப லேட் ஆயிடுச்சு, இனி ஃப்யூஷன்தான்" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

பூச்சு போய்விட்டாலும் உடனே கத்தி எடுப்பதில்லை. வலி மருந்து, எடைக் குறைப்பு, கணுக்காலை அசையவிடாமல் பிடிக்கும் கெட்டியான பிரேஸ் என்று முதலில் பார்ப்பார்கள். பிரேஸ் ஒரு ஒத்திகையும்கூட. அதைப் போட்டு நடக்கும்போது வலி நன்றாகக் குறைந்தால், அசைவை நிறுத்துவது இவருக்கு உதவும் என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால், கணுக்கால் மூட்டுக்குள் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி போகிறதா என்றும் பார்ப்பார்கள். போகவில்லை என்றால் வலி அடுத்த மூட்டில் இருந்து வரலாம். தப்பான கீலைப் பூட்டி என்ன பயன்?

மூட்டு மாற்று, அதாவது உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்த செயற்கை மூட்டு, இன்னொரு வழி. அசைவு மிஞ்சும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. ஆனால் அது நிற்க நல்ல எலும்பும், சரியான நேர்க்கோடும், கிருமித்தொற்று இல்லாத இடமும் வேண்டும். பல வருடம் விட்டுவிட்ட முறிவில் இதில் ஏதாவது ஒன்று இடிக்கும். இளம் வயதில் கடுமையான உடலுழைப்பு செய்பவர்களுக்குச் செயற்கை மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற கவலையும் உண்டு. அதற்காக, ஃப்யூஷன் மட்டமானது, வசதியில்லாதவர்களுக்கானது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 50 முதல் 85 வயது வரை உள்ள, கணுக்கால் முற்றிலும் தேய்ந்த 303 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இரண்டு குழுவினருக்கும் நடையும் நிற்பதும் நன்றாகவே மேம்பட்டிருந்தன.

உடம்பை ஏமாற்றும் வேலை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஃப்யூஷனில் எலும்பை ஒட்டுவது யார்? மருத்துவரா, ஸ்க்ரூவா, ஏதாவது பசையா? மூன்றும் இல்லை. ஒட்டுவது நம் உடம்பு.

எலும்பு முறிந்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ரத்தம் உறைகிறது. அதற்குள் புது ரத்தக்குழாய்கள் நுழைகின்றன. எலும்பை உண்டாக்கும் செல்கள் வந்து, மெல்ல மெல்லப் பாலம் கட்டிவிடுகின்றன. பிறந்ததில் இருந்தே நம்மிடம் உள்ள திறமை இது. அப்படியானால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் டிபியாவும் டாலஸும் ஏன் தாமாகவே கூடிக்கொள்வதில்லை? நடுவில் குருத்தெலும்பு இருப்பதால், கூடவே ஓயாமல் அசைவு இருப்பதால்.

ஃப்யூஷன் இந்த இரண்டு தடையையும் எடுத்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, அதன் அடியில் உள்ள கெட்டியான எலும்புப் பரப்பைக் கொத்தி, சிறு துளைகள் போட்டு, புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும்வரை போவார்கள். பிறகு இரண்டு பரப்புகளையும் சேர்த்து அழுத்தி அசையாமல் பூட்டிவிடுவார்கள். உடம்பைப் பொறுத்தவரை இது புதிதாக ஏற்பட்ட ஒரு முறிவு. தனக்குத் தெரிந்த வேலையை அது தொடங்கிவிடும். மருத்துவ வழக்கில் இந்த அறுவை சிகிச்சைக்கு ஆர்த்ரோடெசிஸ் என்று பெயர்.

செடிக்கு ஒட்டுக்கட்டுவதைப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரியும். இரண்டு கிளைகளையும் பட்டையோடு சேர்த்துக் கட்டினால் வருடம் முழுக்கக் கட்டி வைத்தாலும் ஒட்டாது. பட்டையைச் சீவி, உள்ளே ஈரப் பச்சை தெரியவேண்டும். பச்சையோடு பச்சை பொருந்த வேண்டும். இறுக்கிக் கட்ட வேண்டும். அப்புறம் அதைத் தொட்டுத் தொட்டு ஆட்டிப் பார்க்கக் கூடாது. இங்கே குருத்தெலும்புதான் பட்டை, ரத்தம் கசியும் எலும்புதான் பச்சை, ஸ்க்ரூதான் கயிறு. கயிறு ஒட்டவைப்பதில்லை, ஒட்டும்வரை பிடித்துக்கொள்கிறது.

அழுத்திப் பிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியவர்களில் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் சார்ன்லி முக்கியமானவர். எலும்புகளுக்குள் குறுக்கே கம்பிகளைச் செலுத்தி, வெளியில் இருந்து திருகி நெருக்கும் முறையைக் கணுக்காலுக்குப் பயன்படுத்தி 1951இல் எழுதினார். இதே சார்ன்லிதான் பிறகு அசையும் செயற்கை இடுப்பு மூட்டுக்காக உலகப் புகழ் பெற்றார். இப்போது பெரும்பாலும் உள்ளேயே பெரிய ஸ்க்ரூக்கள், தேவைப்பட்டால் பிளேட். பழைய தொற்று இருந்தால், வெளியில் இருந்து நெருக்கிப் பிடிக்கும் அந்த மாதிரிச் சட்டம் இன்றும் கைகொடுக்கும். கோணல் குறைவு என்றால், சிறு துளை வழியே கேமரா விட்டும் இதைச் செய்ய முடியும்.

ஆக, ஃப்யூஷன் என்பது கெட்டுப்போன மூட்டை ஒரு முறிவாக மாற்றி, அதை ஆறவிடுவது. மூட்டு இருந்த இடத்தில் கடைசியில் இருக்கப்போவது தொடர்ச்சியான ஒரே எலும்பு. உரச எதுவும் இல்லாததால் உரசல் வலியும் இல்லை.

எந்த நிலையில் பூட்டுவது?

ஒருமுறை கூடிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, மாற்ற வேண்டுமென்றால் மறுபடி எலும்பை வெட்ட வேண்டும். அதனால் பாதம் காலுக்குச் செங்கோணத்தில், 90 டிகிரியில் இருக்கும்படி வைப்பார்கள். குதிகால் மிகக் கொஞ்சமாக வெளிப்பக்கம் சாய்ந்து, விரல்கள் லேசாக வெளியே பார்த்தபடி இருக்கும்.

விரல்நுனி கீழே பார்க்கும்படி கூடிவிட்டால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் பின்னோக்கித் தள்ளப்படும். ரொம்ப மேலே தூக்கிக் கூடினால் குதிகால் மட்டும் இடிவாங்கும். உள்பக்கம் சாய்ந்தால் பாதத்தின் வெளிவிளிம்பில் நடக்க வேண்டிவரும். அறுவை அறையில் நிறைய நேரம் இந்தச் சில டிகிரிகளுக்குத்தான் போகிறது.

பழைய முறிவில் இந்த வேலை இன்னும் கடினம். பல வருடம் விலகியே இருந்த டாலஸை அதன் இடத்துக்குக் கொண்டுவர, சுருங்கி இறுகிப்போன திசுக்கள் விடாது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் குட்டையாகியிருந்தால் அதை நீட்ட வேண்டும். எலும்பு தேய்ந்த இடத்தில் குழி விழுந்திருக்கும். இடுப்பெலும்பில் இருந்தோ, வெட்டி எடுத்த ஃபிபுலாவில் இருந்தோ எலும்புத் துகள் எடுத்து அதை நிரப்புவார்கள். நெடுநாள் சரியாக ஊன்றாத காலில் எலும்பு மென்மையாகியிருந்தால் ஸ்க்ரூ பிடிப்பதும் கஷ்டம்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தனிக் கதை. வலியே இல்லாததால்தான் அவர்கள் முறிவோடு நடந்திருப்பார்கள். அவர்களுக்குத் தொற்றும், கூடாமல் போகும் அபாயமும் அதிகம், பூட்டும் முறையும் வேறு.

மரக்கட்டைக் கால் ஆகிவிடுமா?

ஒரு சின்னச் சோதனை. உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். இதில் பெரும்பங்கு கணுக்கால் மூட்டுடையது, இதுதான் போகும். இப்போது உள்ளங்காலை இடமும் வலமுமாகச் சாய்த்துப் பாருங்கள். இது பெரும்பாலும் டாலஸுக்குக் கீழே, குதிகால் எலும்போடு உள்ள வேறொரு மூட்டின் வேலை. கணுக்கால் மட்டும் பூட்டப்பட்டால் இது மிஞ்சும். விரல்களை மடக்கி நீட்டுங்கள், அதுவும் மிஞ்சும். மேல்கீழ் அசைவிலும் கொஞ்சம் பாதத்தின் நடுப்பகுதியில் உள்ள சிறு மூட்டுகளில் இருந்து கிடைக்கும்.

அதனால் சமதளத்தில், செருப்பு அல்லது ஷூ போட்டு நடக்கும் பலரைப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அடிப்பாகம் படகு போல வளைந்த ஷூ இன்னும் உதவும், மடங்காத கணுக்காலுக்குப் பதிலாக ஷூ உருளும். சரிவில் ஏறுவதும் மாடிப்படி இறங்குவதும் சிரமம். குத்துக்கால் போட்டு உட்காருவது, ஓடுவது பலருக்கு முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பழைய கால் திரும்பி வராது. வலிக்கிற, கொஞ்சம் அசைகிற காலைக் கொடுத்து, வலி குறைந்த, அசையாத காலை வாங்கிக்கொள்கிறோம். ஏற்கெனவே பாதி விறைத்துப்போன மூட்டு என்றால், இழக்கும் அசைவும் நினைப்பதைவிடக் குறைவுதான்.

காத்திருப்பும் கணக்கும்

வழக்கமாக 6 முதல் 8 வாரம் வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது. பிறகு பூட்ஸ் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்ற விடுவார்கள். எக்ஸ்ரேயில் நன்றாகக் கூடியதாகத் தெரிய 3, 4 மாதம் ஆகலாம். பழைய முறிவில் இன்னும் தாமதமாகலாம். வீக்கம் ஒரு வருடம்வரை வந்து வந்து போகும். வலி இல்லையே என்று நடுவில் ஊன்றிப் பார்ப்பது, ஒட்டுக்கட்டிய கிளையை அவிழ்த்துப் பார்ப்பதற்குச் சமம்.

எல்லோருக்கும் கூடுவதும் இல்லை. சிலருக்குக் கூடாமல் போய், மறுபடி செய்யவேண்டி வரும். இதில் நம் கையில் இருக்கும் மிகப் பெரிய விஷயம் புகை. சிகரெட் ரத்த ஓட்டத்தைச் சுருக்குகிறது, கூடாமல் போகும் வாய்ப்பைப் பல மடங்கு ஏற்றுகிறது. அதை நிறுத்தாமல் அறுவை செய்ய மறுக்கும் மருத்துவர்கள் உண்டு. அதில் கோபப்பட எதுவும் இல்லை.

இன்னொரு கணக்கு மெதுவாக வருவது. ஒரு கீல் பூட்டப்பட்டதும் அதன் வேலை பக்கத்து மூட்டுகளுக்குப் போகிறது. அடிபட்டதால் ஃப்யூஷன் செய்துகொண்ட 23 பேரைச் சராசரியாக 22 வருடங்களுக்குப் பிறகு பரிசோதித்த ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதே பாதத்தின் பக்கத்து மூட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. 30 வயதுக்காரர் இந்த 22 வருடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். 70 வயதுக்காரருக்கு இதன் எடை வேறு.

சித்தப்பா பிரேஸ் போட்டு ஆறு வாரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். எல்லாம் முடிந்து, கடைசி எக்ஸ்ரேயைப் பழையபடி ஜன்னலில் பிடித்தார். கறுப்புக் கோடு மொத்தமாகப் போய், டிபியாவின் கோடுகள் நேராக டாலஸுக்குள் இறங்கியிருந்தன. குறுக்கே மூன்று ஸ்க்ரூ, வெள்ளைவெளேரென்று.

"இதை எப்பக் கழட்டுவாங்க?"

கழட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. தோலுக்கு அடியில் தலை இடித்தாலோ, தொற்று வந்தாலோதான் எடுப்பார்கள். மற்றபடி எலும்பு கூடிய பிறகு ஸ்க்ரூவுக்கு அங்கே வேலை கிடையாது, சும்மா கிடக்கும்.